கூடத்தில் ஒரு வட்டம்

கோடை விடுமுறையில்தான் ரோபோ கட்டத் தொடங்கினேன். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். அதுவரை சாலிடரிங் செய்து பழக்கமே இல்லை. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு, நாலு சக்கரம் வைத்த ஒரு சின்ன வண்டியை மூன்று வாரத்தில் முடித்தேன். அதில் ஒரு திசைகாட்டி சென்சார் இருந்தது. எந்தப் பக்கம் பார்த்து வைத்தாலும், தானே வடக்கே திரும்பி நேராக ஓட வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

பேகம்பூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய வீட்டின் கூடம் பெரியது. நடுவில் கிடந்த கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, காலையில் வண்டியை ஓடவிட்டேன். பாதி தூரம் ஒழுங்காகப் போனது. கட்டில் கிடந்த இடம் வந்ததும் தயங்கியது. பிறகு மெல்ல வளைந்து, அங்கேயே சுற்ற ஆரம்பித்தது.

நிரலைத் திருத்தினேன். சென்சாரை மாற்றினேன். பின்பக்க முற்றத்தில் விட்டால் நேராக ஓடியது; கூடத்தில் விட்டால் அதே இடத்தில் சுற்றியது. மூன்றாம் நாள் செல்போனின் திசைகாட்டியைத் தரையில் வைத்து நகர்த்திப் பார்த்தேன். முள் விலகத் தொடங்கிய இடத்தில் எல்லாம் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். புள்ளிகளைச் சேர்த்தபோது வட்டம் வந்தது. கணக்கு டீச்சருக்கே பொறாமை வரும் வட்டம்.

"தண்ணி வந்திருச்சா டீச்சர்?" என்று கேட்டபடி பக்கத்து வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா வந்தார். தரையைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"இத உங்களுக்கு யாரு சொன்னா?"

"எதைம்மா?"

அவர் உள்ளே வரவில்லை. இந்த நாலு வருடத்தில் ஒருமுறைகூட அவர் கூடத்துக்குள் வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அங்ஙன கெணறு இருந்துச்சு. நான் மருமகளா வாரதுக்கு முந்தியே மூடிட்டாக. குறுக்க இரும்புத் தண்டவாளத்தப் போட்டு, மேல தளம் போட்டுட்டாக."

"மண்ணைக் கொட்டி மூடலையா?"

"இல்ல. கீழ அப்படியேதான் கெடக்கு. என் நாத்தனா அதுல விழுந்துட்டா. பதினாறு வயசு."

"அவங்களை வெளியே எடுத்தாங்களாம்மா?"

"எடுத்தாச்சு," என்றார். என்னைப் பார்க்காமல் வட்டத்தையே பார்த்துக்கொண்டு, மறுபடியும், "எடுத்தாச்சு, எடுத்தாச்சு."

மதியம் சாப்பிட வந்த கணவரிடம் சொன்னேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர், சிரிக்கவில்லை. குனிந்து வட்டத்துக்குள் உள்ளங்கையை வைத்தார்.

"அதான் இந்த எடம் மட்டும் வெயிலுக்கு இம்புட்டு ஜில்லுன்னு இருந்துச்சா."

குடிவந்த முதல் கோடையில், அந்தக் குளிர்ச்சிக்காகவே கட்டிலை அங்கே இழுத்துப் போட்டவர் அவர்தான்.

அடுத்த மாதமே வீடு மாறினோம். மாடி வீடுதான் வேண்டும் என்று கணவர் ஒற்றைக் காலில் நின்றார். நான் ரோபோவை விடவில்லை. இப்போது ஒரு டம்ளரைத் தூக்கி வைக்கும் கை செய்துகொண்டிருக்கிறேன். அவர் மட்டும் எவ்வளவு புழுக்கமானாலும் தரையில் படுப்பதில்லை.