பலெர்மோவுக்கு அக்காவைக் கூப்பிடப் போனது

அக்காவை ஊருக்குக் கூட்டிவரத்தான் இத்தாலியிலுள்ள பலெர்மோவுக்குப் போனேன், ஊர் பார்க்க அல்ல. ஆனால் அவள் விட்டால்தானே! இறங்கிய நாளிலிருந்து தேவாலயம், அரண்மனை, துறைமுகம் என்று இழுத்துக்கொண்டு திரிந்தாள்.

மன்னார்ப் பக்கத்து எங்கள் ஊரான அடம்பனில் அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்தார். அதை அக்காவிடம் சொல்லக்கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "சொல்லிப்போடாதை. பயந்துகொண்டு ஓடிவர வேண்டாம். ஆசைப்பட்டு வரட்டும்." அக்கா வாட்ஸ்அப் வீடியோவில் எடுத்தால், தன்னைத் தலையணையில் சாய்த்து இருத்தித் தலை சீவிவிடச் சொல்லி, ஒன்றுமே இல்லாதவர் போலச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். எனக்கு எந்த அரண்மனையும் கண்ணில் ஏறவில்லை.

பழைய சந்தைக்குள் போனோம். மன்னார் மீன் சந்தையேதான், கத்துகிற பாஷைதான் வேறு. அந்த இரைச்சலுக்குள்ளேயே கேட்டேன்.

"அக்கா, அம்மா உங்களைக் காண வேணுமாம்."

"அடுத்த வருசம் பாப்பம். இந்தா, இந்த ஒலிவ் காயைச் சாப்பிட்டுப் பார்."

பேச்சை மாற்றுவதில் அவளை வெல்ல ஆளில்லை. ஊரைவிட்டுப் போனவள் ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. லீவு இல்லை, பிள்ளைகளுக்குப் பரீட்சை, அத்தானுக்கு வேலை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காயைத் துப்பினேன், ஒரே கைப்பு.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேற்றிப் பக்கத்தில் ஒரு மலைக்குக் கூட்டிப்போனாள். கிறிஸ்து பிறக்க முந்திய ஊராம். கீழே கடல், மேலே கல் பாவிய தெரு, இருபுறமும் கூரையில்லாத வீடுகள். கூரையில்லாத வீடு பார்க்கவா இத்தனை தூரம் வந்தேன்? சண்டை முடிந்து திரும்பிப் போனபோது அடம்பனில் பார்க்காததா?

கடலைப் படமெடுக்கலாமென்று தெருவை விட்டுப் புல்லுக்குள் இறங்கினேன். அங்கே மண்ணைக் கிண்டி ஆராய்கிறவர்கள் உச்சியில் சிவப்புப் பூசிய குச்சிகளை நட்டு வைத்திருந்தார்கள். அவற்றைத் தாண்டப் போனேன்.

"நில்லடா!" அக்கா கத்தினாள். "காலை எடுக்காதை! வந்த தடத்திலயே திரும்பி வா!"

என் கால் தன்பாட்டில் நின்றுவிட்டது. பிறகுதான் சிரிப்பு வந்தது. "விசரே அக்கா? இது சட்டி பானை தேடுறவங்கள் நட்ட குச்சி."

அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டி என் கால்தடத்தையே காட்டிக்கொண்டு நின்றாள். ஐயோவென்றிருந்தது எனக்கு. போட்ட தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி வந்தேன்.

எங்கள் ஊரில் சிவப்புக் குச்சிக்கு அப்பால் மிதிவெடி. திரும்பிப் போன புதிதில் முன்னால் போகிறவர் கால் வைத்த இடத்திலேயே பின்னால் வருகிறவரும் வைத்து நடப்போம். மாடு தேடிப் போய் அப்பா செத்தது அப்படியொரு குச்சிக்கு அப்பால்தான். நான் அப்போது மன்னாரில் விடுதியில் நின்று படித்தேன். பெட்டியைத்தான் கண்டேன்.

அக்கா ஒரு கல்லில் போய் இருந்தாள். "அண்டைக்கு அப்பாக்குப் பின்னால போனது நான்தான். அவர் கால் வைச்ச இடத்தில வைச்சு வைச்சுப் போனனான். 'நீ நில்லு பிள்ளை' எண்டுபோட்டு அவர் அங்கால காலை வைச்சார்."

"மாதாவே! எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"அம்மாக்கு மட்டும்தான் தெரியும்."

இத்தனை வருடமாய் லீவு, பரீட்சை என்ற அவளுடைய சாட்டுகளுக்கெல்லாம் கோபப்பட்டதை நினைக்க வெட்கமாய் இருந்தது.

"இப்ப வெடியெல்லாம் எடுத்தாச்சு அக்கா. அந்தக் காணியில நெல் விதைக்கிறம்."

"ஆர் முதல் இறங்கினது?"

"அம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப வாறன்," என்றாள். "பஸ்ஸால இறங்கினதும் அம்மா முன்னுக்கு நடக்கட்டும். அவ கால் வைக்கிற இடத்தில வைச்சு நான் வீட்டை வாறன்."

கேட்டு வந்த சொல் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"அம்மா நடந்து கனநாள் அக்கா. படுக்கையிலதான் கிடக்கிறா. உங்களிட்டச் சொல்ல வேண்டாமெண்டவ."

அவள் அழவில்லை. அந்தக் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி, என் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தாள்.

"அப்ப நீ முன்னுக்கு நட, தம்பி."