கேட்டு வாங்கிய பெயர்

எண்பதுகளில் என் மூத்த மகள் பாரிஸில் பிறந்தாள். மூன்று நாளுக்குள் மெரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பெயர் பதிய வேண்டும். அதற்குள் நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்க்க வேண்டாமா? ரூ காய் என்ற தெருவில் இருந்த தமிழ் மளிகைக்கடைக்கு ஓடினேன். கடைக்கார அண்ணை பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

“பரணி. லி, லு, லே, லோ. இந்த நாலிலை ஒண்டுதான்.”

நாசமாய்ப் போச்சு! ‘லோ’வில் தொடங்கும் பெயர் என் சித்தியுடையது, அவரோடு எங்களுக்குக் காணிச் சண்டை. ‘லீ’யில் தொடங்கியது, என் மனைவியைப் பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்த டீச்சருடையது. ‘லு’விலும் ‘லே’யிலும் பெயரே அகப்படவில்லை. “வேறை பாருங்கோ” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்படியே இரண்டு நாள் போய்விட்டது.

மூன்றாம் நாள் காலை வேலைக்குப் போனேன். ஹோட்டலில் எனக்கு அறை துப்புரவு. வரவேற்பு மேசையில் இருந்தவள் ஹவாய்க்காரி. அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரை ஒரு வருடமாகப் பார்க்கிறேன், அன்றைக்குத்தான் உறைத்தது. லெய்லானி!

“உன்ரை பேரை என்ரை மகளுக்கு வைக்கப் போறன்” என்றேன், உடைந்த பிரெஞ்சில். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவே இல்லை.

“எங்கள் ஊரில் பெயர் ஒருவருடைய உடைமை. கேட்டுத்தான் வாங்குவார்கள்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெயர் என்ன, அவள் வீட்டுச் சட்டிபானையா? “எங்கடை ஊரிலை ஒரே பேரிலை ஒன்பது பேர் இருக்கினம், ஆரும் ஆரையும் கேக்கேல்லை!” என்று வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். இரண்டு அறை முடிவதற்குள் கோபம் ஆறி வெட்கம் வந்துவிட்டது. மெரி வேறு ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். இறங்கிவந்து மரியாதையாகக் கேட்டேன்.

“தருவியளோ?”

“முதலில் பிள்ளையைப் பார்க்க வேண்டும்” என்றாள்.

மதியம் ஆஸ்பத்திரிக்கு வந்து, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பொருள் சொன்னாள். லெய் என்றால் பூமாலை, லானி என்றால் வானம். அவர்கள் செல்லப் பிள்ளையையும் லெய் என்பார்களாம். தோளில் ஏற்றினால் கழுத்தைச் சுற்றிக்கொள்ளுமே, அதனால். என் மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“சரி, தந்தேன்” என்றாள் ஹவாய்க்காரி.

எங்கள் வீட்டில் பிள்ளையின் காதில் பெயர் சொல்வது தகப்பனின் சகோதரியான மாமிதான். என் அக்கா யாழ்ப்பாணத்தில். அங்கே நடக்கும் போருக்குள் எப்படி வருவாள்? ஹவாய்க்காரியைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

“நீங்களே காதுக்குள்ளை மூண்டு தரம் சொல்லுங்கோ” என்றேன். சொன்னாள், கண் கலங்க.

நாலரைக்கு மெரிக்கும் கூடவே வந்தாள். பதிவு செய்த பெண் அவளைக் காட்டி, “இவர் யார்?” என்று கேட்டாள்.

“என்ரை அக்கா” என்றேன். “பிள்ளைக்கு மாமி.”