மல்லிகா பெயரில் ஒரு டப்பா

குணசேகரன் இறந்த செய்தி, அவர் நடத்திய லேப்பின் ஷட்டரில் ஒட்டிய தாளாக எனக்குக் கிடைத்தது. செஞ்சியில் லேப் சார் என்றால் அவர்தான். அவருடைய பெயரைப் பலர் அந்தத் தாளில்தான் அறிந்தார்கள்.

சென்ற வருடம்வரை, குழந்தை இல்லை என்று என் மனைவி மல்லிகாவுக்கு எடுக்காத டெஸ்ட் இல்லை. எனக்கு ஒன்றுகூட எடுக்கவில்லை, நான் ஆண். அவளை அனுப்பிவிட்டு வேறு பெண் பார்க்கலாம் என்று அம்மா பேசத் தொடங்கிய பிறகுதான் டப்பாவுடன் லேப்புக்குப் போனேன். மூடியில் "மல்லிகா" என்று எழுதியிருந்தேன்.

"இன்னா சார், மல்லிகாவுக்கு விந்தணு பாக்கணுமா?" என்றார் லேப் சார், முகம் மாறாமல். "நம்ம ஊர்ல பாதி பேரு இப்டித்தான் எழுதினு வர்றாங்க." பேனாவை நீட்டினார். மல்லிகாவை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். திருவண்ணாமலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம்போல விந்தணுக்கள் நின்ற இடத்திலேயே நெளிந்தன. "கவுண்ட்டு இருக்குது. ஓட்டந்தான் இல்ல. துருவா இருக்கலாம்."

இரும்புக்குத்தானே துரு என்றேன். நாம் இழுக்கும் ஆக்சிஜனிலிருந்து உடம்பு சில முரட்டுத் துகள்களையும் உண்டாக்குகிறதாம். அளவு மீறினால் விந்தணுவின் கொழுப்பு உறையை அவை அரித்துவிடும், வால் சோர்ந்துபோகும். அப்படியானால் அவற்றை அடியோடு ஒழித்துவிடலாமே என்று கேட்டேன்.

"அங்கதான் வேடிக்க. அது கொஞ்சம் இல்லன்னா முட்டைக்குள்ள நுழையவே முடியாது. தாளிப்பு மாதிரி சார். வாசம் வர்ற வரைக்கும் சரி, தாண்டுனா கருகல்." என் சட்டைப்பையில் இருந்த சிகரெட் பெட்டியைப் பார்த்தார். "நீங்க டெய்லி கருக்கினு இருக்கீங்க. ஆனா துருதான்னு நான் சொல்லக் கூடாது. அதுக்கு வேற டெஸ்டு. விழுப்புரம் போயி டாக்டரப் பாருங்க."

ரிப்போர்ட்டை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஆம்பளைக்கு இன்னாடா டெஸ்டு?" என்றார். பெண் பார்க்கும் பேச்சு அத்துடன் நின்றது. மல்லிகா தாளை வாங்கி, பெயரை மட்டும் இரண்டு முறை படித்தாள். இப்போது விழுப்புரத்துக்கு இருவரும் போய்வருகிறோம்.

இதைப் படிக்கும் செஞ்சிக்காரர்களே, குணசேகரனின் அடக்கத்துக்கு நீங்கள் பலரும் வந்திருந்தீர்கள். எப்படிப் பழக்கம் என்று கேட்டால், இளவயது ஆண்கள் எல்லோரும் "சுகர் டெஸ்டுக்கு வருவேன்" என்றீர்கள். செஞ்சிக்கு அவ்வளவு சர்க்கரை கிடையாது. என் முறை வந்தபோது, "விந்தணு டெஸ்டுக்கு. என் பேர்ல" என்றேன். பிறகு பக்கத்தில் நின்றவர் மெல்லச் சொன்னார்: "நான் எங்க வூட்டுக்காரம்மா பேர்ல."

அன்று லேப்பில் குணசேகரன் நீட்டிய பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். சிகரெட் இருந்த பையில் இப்போது அதுதான் இருக்கிறது. தேவைப்படுபவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், நன்றாக எழுதுகிறது.