விளக்கின் முன் ஆங்கில ‘ப’

1953 பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. வானம் வெளுத்துக் கிடந்தது, இலை அசையவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று புகுந்து என் பாடத்தைக் கெடுத்துவிடும் என்று நான்கு இரவுகள் உறங்காமல் கிடந்திருந்தேன். காற்று வரவில்லை. கெடுதல் வேறு பக்கமாக வந்தது.

நாகர்கோவிலில் நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு ஒலியியலும் உண்டு. நாக்கு எங்கே தொடுகிறது, உதடு திறக்கையில் மூச்சு என்ன செய்கிறது என்றெல்லாம் படித்தோம். அன்று எனக்குச் செய்முறைத் தேர்வு. முதல் பாரத்து, அதாவது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேருக்கு நாற்பது நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேறினால், நான் பார்த்துவந்த தற்காலிக ஆசிரியர் வேலை நிரந்தரம். தவறினால் ஜூன் மாதம் அந்த வேலையும் போய்விடும்.

நான் எடுத்துக்கொண்டது ஆங்கிலத்தின் ‘ப’. ஆங்கிலேயர் ‘பென்’ என்று தொடங்கும்போது உதடு திறந்ததும் மூச்சு வெடித்து வெளியே வரும். நம்முடைய ‘பல்’, ‘பால்’ எதிலும் அது இல்லை. வாய்க்கு முன்னே மெழுகுதிரியை ஏற்றி வைத்துச் சொன்னால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அறையில் ஐந்து மெழுகுதிரிகளை ‘பென், பென்’ என்றே அணைத்துப் பழகினேன். ஆறாவதைத் தேர்வுக்கென்று பையில் வைத்திருந்தேன். பஸ்ஸில் என் அறைத்தோழன் அந்தப் பையின்மேல் உட்கார்ந்துவிட்டான். மெழுகுதிரி நொறுங்கித் தூளாகிவிட்டது.

“மொகத்த ஏன் இப்படி வச்சிருக்க? தீதானே வேணும்? இந்தா வாறேன்” என்று சொல்லி, பள்ளிக்கு எதிர்வீட்டில் ஒரு சிறிய பித்தளை விளக்கை இரவல் வாங்கி வந்தான். ஓரணாவுக்கு நல்லெண்ணெய் ஊற்றித் திரி போட்டேன். மெழுகுதிரியைவிட நின்று எரியும் என்று ஒரு கணம் மகிழ்ந்தும் போனேன்.

தேர்வாளர் திருவனந்தபுரத்துக்காரர், மலையாளம் கலந்த பேச்சு. கடைசி பெஞ்சில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தனக்கு அடுத்த தேர்வு என்பதால் தோழனும் அங்கேதான் இருந்தான்.

விளக்கை ஏற்றி மேசையில் வைத்தேன். குனிந்து, “பென்” என்றேன்.

சுடர் அசையவில்லை.

மறுபடியும் சொன்னேன். ஐந்து மெழுகுதிரிகளை அணைத்த வாய், விளக்கின் முன்னே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது. பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்தேன். ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். ஒருவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். ஏழு பேர் வந்து போன பிறகும் சுடர் அப்படியே நின்றது. பதினொரு நிமிடம் போய்விட்டது.

“என்ன மாஷே, தீ அனங்கவே இல்லியே?” என்றார் தேர்வாளர். பேனாவைத் திறந்தார்.

எட்டாவதாக வந்த பெண் மேசைக்கு இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள்.

“கிட்ட வா. சொல்லு.”

“நான் மாட்டேன் சாரே. வெளக்க வாயால ஊதப்பிடாது. அம்மைக்குத் தெரிஞ்சா கொன்னுப்போடுவா.”

வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. என் அம்மையும் கொன்றுதான் போட்டிருப்பாள். ஒலியியலில் எண்பது பக்கம் குறிப்பெடுத்த எனக்கு, மெழுகுதிரிக்கும் விளக்குக்கும் உள்ள இந்த வித்தியாசம் தோன்றவே இல்லை.

விளக்கைத் தூக்கி ஜன்னல் படியில் வைத்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தாள் கிழித்து வாய்க்கு முன்னே பிடித்துப் பார்த்தேன். தடித்த தாள், பலகைபோல நின்றது. அந்த அறையில் மெல்லிய தாள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தேர்வாளரிடம் ஒப்படைக்க வேண்டிய என் பாடக்குறிப்பு. அடியில் கார்பன் வைத்துப் பிரதி எடுக்கலாம் என்று அப்படித் தாள் தேடி வாங்கி, மூன்று தடவை திருத்தி எழுதியது. கார்பன்தான் கிடைக்கவில்லை, பிரதி இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். குறிப்பை நீளவாக்கில் கிழித்தேன்.

“பென்!”

துண்டு துள்ளியது. “பல்” என்றேன், தொங்கியபடியே கிடந்தது. முன்வரிசை சிரித்தது. முப்பத்தெட்டுப் பேருக்கும் துண்டு வேண்டும். குறிப்பு முழுவதும் போயிற்று. பென், பேப்பர், பாட் என்று அவர்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். மேசைக்குக் கிட்ட வரமாட்டேன் என்ற பெண்தான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினாள்.

மணி அடித்தது. தேர்வாளர் எழுந்தார்.

“பாடம் கொள்ளாம் மாஷே, நல்லாருக்கு. குறிப்பு எங்கே?”

பிள்ளைகளின் கைகளைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

“இதை நான் எப்படி வாங்க? மூணு நாளைக்குள்ள புதுசா எழுதி, தாமதக் கட்டணத்தோட திருவனந்தபுரத்துக்குக் கொண்டு வரணும். வந்தா தேர்ச்சி. வரலைன்னா இல்லை.”

ஜன்னல் படியில் விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. திருப்பிக் கொடுக்க எடுத்தபோது தோழன் காதோரம் வந்தான்.

“மக்கா, மூச்ச எங்கயாவது அடகு வச்சிட்டியா?”

“எங்க, நீ ஊதி அணை பாப்போம்.”

அவன் விளக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். விரலால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டான்.

மூன்றாம் நாள் திருவனந்தபுரம் போய்க் குறிப்பைக் கொடுத்தேன். தேறினேன். மெழுகுதிரி ஆறுக்கு மூன்று அணா, நல்லெண்ணெய் ஓரணா, தாமதக் கட்டணம் இரண்டு ரூபாய், பஸ்ஸுக்குப் போகவர மூன்று ரூபாய் நான்கு அணா. மொத்தம் ஐந்து ரூபாய் எட்டணா.