வியாகுலம்மாள் டீச்சரும் ஒரு கணைக்கால் எலும்பும்

எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர் வியாகுலம்மாள் கழுத்தில் ஜெபமாலையும் விசிலும் ஒன்றாகத் தொங்கும். எதை எப்போது எடுப்பார் என்று யாருக்கும் தெரியாது. நான் கணக்கு டீச்சர், பக்கத்து நாற்காலி. பதினாறு வருடம் அந்த விசிலிடம் என் காது பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

1949-ல் திண்டுக்கல்லில் வேலைக்குச் சேர்ந்தவர். பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகளை முதுகை நிமிர்த்தி உட்காரச் சொன்னாராம். அவர்கள் திரும்பி வரவேயில்லையாம். இது ஊர்ப் பேச்சு. நான் விசாரித்தவரை ஒருவரைத்தான் சொல்லியிருக்கிறார்.

1960-ல் பக்கத்துக் கிராமமான அகரத்திலிருந்து வந்து சண்முகவள்ளி என்றொரு பெண் பத்தாம் வகுப்பில் படித்தாள். ஓட்டத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. மாவட்டக் கோப்பை ஆசையில் டீச்சர் அவளைக் காலையும் மாலையும் சரளைத் தரையில் வெறுங்காலோடு ஓடவிட்டார். கால் வலிக்கிறது என்றபோது, "ஓடு, சரியாயிரும்" என்றார். சரியாகவில்லை. மதுரையில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டர், ஓய்வில்லாமல் ஓடியதில் கணைக்கால் எலும்பில் மெல்லிய விரிசல் விழுந்திருப்பதாகவும், அது ஆறாமல் ஓடினால் எலும்பு முறிந்தே போகும் என்றும் சொன்னார்.

"நான்தான் அவ காலை ஒடிச்சேன்" என்று டீச்சர் என் மேஜையில் தலை வைத்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

வள்ளி காலில் போட்ட கட்டைப் பிரித்ததும் டீச்சர் வேறு ஆளாகிவிட்டார். முதலில் நடை மட்டும். பிறகு புல்தரையில் நூறு காலடி ஓட்டம், நூறு காலடி நடை. மறுநாள் ஓய்வு. வலித்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். கான்வாஸ் ஷூவும் வாங்கிக் கொடுத்தார். பக்கத்திலேயே காலடிகளை எண்ணிக்கொண்டு போனார். எண்ணிக்கை பலமுறை தப்பியது. திருத்தப்போன என்மேல் எரிந்து விழுந்தார்.

"வலிக்குதா?" என்று தினமும் கேட்பார். "இல்லைங்க டீச்சர்" என்பாள் வள்ளி. ஆனால் ஒருநாள் ஷூ கயிற்றைக் கட்டிவிடும்போது டீச்சரின் கட்டைவிரல் அவள் கணைக்கால் எலும்பில் பட, வள்ளி கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கால் குணமானால் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடத்திக் கூட்டி வருவதாக அம்மா நேர்ந்திருக்கிறாள். வலி இருக்கிறது என்று மகள் சொன்னால் சாமிக்கல்லவா கெட்ட பெயர்! எலும்பு ஆறாத காலோடு நாற்பது மைல். பூசத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே என்னையும் இழுத்துக்கொண்டு டீச்சர் அகரத்துக்குப் போனார். வள்ளியின் அம்மா சுந்தரம்மாள் வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"நேந்ததை நிறுத்தினா சாமி குத்தமாயிரும் டீச்சரம்மா" என்றாள்.

"நிறுத்தச் சொல்லல. காலு நல்லானா வாரேன்னுதானே நேந்தீக?"

"ஆமா."

"இன்னும் நல்லாகல. ஆண்டவரு வேலை பாத்துக்கிட்டு இருக்காரு. முடியுமுன்ன போயி கூலியக் குடுத்தா, இம்புட்டுப் போதும் போலன்னு பாதியில விட்டுற மாட்டாரா?"

சுந்தரம்மாள் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அதுவும் சரிதேன். அப்ப அடுத்த வருசம் போறோம்" என்றாள். மாதா கோயிலில் ஞாயிறு பூசை தவறாத வியாகுலம்மாள் பழனியாண்டவருக்கு வக்காலத்து வாங்கியதை நான் பங்குச் சாமியாரிடம் சொல்லவில்லை. சொல்லிவிடுவேன் என்று பலமுறை மிரட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லாம் முதல் படியிலிருந்து. ஏழு மாதம் கழித்து மாவட்டப் போட்டியில் வள்ளி ஓடினாள். கடைசிச் சுற்றில் அவள்தான் முன்னால். எங்கள் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். முடிவுக் கோட்டுக்கு ஐம்பது கெஜம் இருக்கும்போது வள்ளி நின்றாள். ஓரமாக வந்து உட்கார்ந்து கையைத் தூக்கி, "டீச்சர், வலிக்குது!" என்று கத்தினாள்.

மைதானமே தலையில் கை வைத்தது. எங்கள் தலைமையாசிரியை என்னை முறைத்தார், நான் என்ன செய்தேனோ! வியாகுலம்மாள் மட்டும் எழுந்து நின்று, கோப்பையையே வாங்கிவிட்டதுபோல் கை தட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஓடிப்போய் அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.