வெள்ளைக்காரருக்கு வைத்த பரீட்சை

நாங்கள் வளைகுடாவில் இருந்த காலம். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கேரலுக்கு எங்கள் சத்வா பேட்டைப் பாட்டுக் குழுவின் கீபோர்டு என் கைக்கு வந்தது. எனக்குப் பத்து வயசு. வழக்கமாக வாசிக்கும் அண்ணன் லீவில் ஊருக்குப் போனதால் கிடைத்த பதவிதான். அதற்கே தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அந்த நேரம் பார்த்து, ஏசி மெக்கானிக்கான என் சித்தப்பா, வேலைக்குப் போன வீட்டிலிருந்து ஒரு வயசான வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நரைத்த முடியைக் குடுமி போட்டிருந்தார் மனுஷர்.

"அண்ணே, சாரு பெரிய ஆளுல்லா! ராக் குரூப்புல கீபோர்டு வாசிச்சவராம். சொந்தமா பாட்டு கட்டுவாராம். நம்ம கேரலுக்கு வாசிக்கேன்னுட்டாரு!"

அப்பாதான் குழுவுக்குத் தலைவர். யாரையும் சும்மா சேர்த்துவிட மாட்டார். "யாரா இருந்தா என்னல? ஒரு பாட்டு வாசிக்கட்டும், பாப்போம். எந்திரிம்மா, சாரு உக்காரட்டும்" என்றார்.

எழுந்தேன். ஆனால் நகரவில்லை. மூக்கு விடைக்க, கண்ணில் நீர் முட்ட, கீபோர்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன். போச்சு, எல்லாம் போச்சு! வெள்ளைக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் தடவித் தடவி, கோழி கிளறுவது போல எதையோ வாசித்தார். ரிதம் பட்டன் எங்கே என்று கேட்டார். காட்டியதும் வேறு எதையோ அமுக்கினார். கல்யாண பாண்டு அலறியது. குழுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சித்தப்பா முகத்தில் ஈயாடவில்லை.

"கலாஸ்! சாருக்கு டாம்பரினைக் குடுங்கல" என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மனுஷர் கோபித்துக்கொள்ளவே இல்லை. வீடு வீடாக எங்களோடு வந்தார், டாம்பரினைக் குலுக்கிக் குலுக்கி ஆடினார், போன இடமெல்லாம் முந்திரிக்கொத்து தின்றார். எனக்கானால் அவரைப் பார்க்க ஒரே பாவமாகிவிட்டது. வேனில் கீபோர்டை மடியில் வைத்து, அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து ஒவ்வொரு கட்டையாகச் சொல்லிக்கொடுத்தேன். தினமும் வீட்டில் பழகச் சொல்லி அதட்டினேன். "தேங்க்யூ டீச்சர்" என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

போன வாரம் சித்தப்பா ஒரு பழைய வீடியோ அனுப்பினார். மைதானம் நிறைய ஜனம். மூன்று பக்கமும் கீபோர்டுகள் அடுக்கியிருக்க, நடுவில் அதே ஆள், இளவயதில். கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார். விரல்கள் போகும் வேகத்துக்குக் கண் எட்டவில்லை. அடப்பாவி மனுஷா!

அன்றைக்கு அவர் பரீட்சையில் தோற்றதும் முதல் ஆளாகக் கைதட்டியது நான்தான். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டே கூடச் சேர்ந்து தட்டினார். தோற்றவர் எதற்குத் தட்டுகிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.