தம்பிக்குத் தைரியம் எழுதியவர்

என் கணவரின் அண்ணன் ராஜகோபால் வாழ்நாளில் கொளுத்தியது தீபாவளி வெடி மட்டும்தான். அதையும் ஊதுவத்தியை நீளக் கம்பில் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொளுத்துவார். ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் யாழ்ப்பாணத்துச் சண்டையை மாரெட்பள்ளி வீட்டு நாற்காலியில் இருந்தபடி அவர்தான் நடத்தினார் என்று தோன்றும். சண்டைக்குப் போனவர் என் கணவர் விஸ்வநாத். காலில் குண்டுத் துண்டோடு திரும்பியவர். அவர் அதைப் பற்றி என்னிடம்கூட அதிகம் பேசியதில்லை.

எண்பத்தேழில் அவருடைய ரெஜிமென்ட்டை இலங்கைக்கு அனுப்பினார்கள். எங்களுக்குக் கல்யாணமான புதிது. வேலூரிலிருந்து மாரெட்பள்ளிக்கு வந்து, இவர்களுடைய கூட்டுக் குடும்பத்தில் எது எங்கே இருக்கிறது என்று பழகிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ராஜகோபால் ஒரு நீல இன்லேண்டு லெட்டரை எடுத்துக்கொண்டு உட்காருவார். உள்பக்கம் முழுவதும் அவருக்கு. ஓரத்தில் மடிக்கிற துண்டுப் பகுதி எனக்கு. நான் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவார். கணவரின் அண்ணன் படிக்கப்போகிற காகிதத்தில் ஒரு புதுப்பெண் என்னத்தை எழுதுவாள்? நலம், நலமறிய ஆவல், வேளைக்குச் சாப்பிடவும். அதற்கு மேல் எனக்குக் கை வராது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை வயிற்றெரிச்சலோடு அந்தத் துண்டை நிரப்பினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் என்ன எழுதினார் தெரியுமா? இலங்கையில் ஜப்பான் சாமான் மலிவு என்று ஆபீசில் யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், கடிதத்துக்குக் கடிதம் டூ-இன்-ஒன் ரேடியோ, தேய்க்க அவசியமில்லாத சட்டைத் துணி, பெண்டாட்டியின் தங்கைக்கு ஒரு கைக்கடிகாரம். தம்பி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான் என்று தந்தி வந்த வாரம்கூட, ‘வாங்கும்போது இரண்டு ஸ்பீக்கர் உள்ளதாகப் பார்க்கவும்’ என்று எழுதினார். என் கண்ணால் பார்த்தேன். என் கணவர் கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது அவர் முதலில் பார்த்தது தம்பியின் காலை அல்ல, பின்னால் வந்த டிரங்குப் பெட்டியை.

கடிதத்தில் என் வேலை இன்னொன்றும் உண்டு. மேலே முகவரி எழுதுவது. என் இங்கிலீஷ் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்பார். சோம்பேறித்தனத்துக்கு இப்படியும் ஒரு பெயர்.

இப்போது நானும் என் கணவரும், பட்டாளத்துக்காரர்கள் குடியேறிய சைனிக்புரியில் தனியாக ஒரு சிறு வீட்டில் இருக்கிறோம். இந்த வருடம் இங்குள்ள முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில், சண்டைக் காலத்தில் வீட்டிலிருந்து வந்த கடிதங்களை மேடையில் படித்து, எழுதியவருக்குச் சால்வை போர்த்த ஏற்பாடு செய்தார்கள். எங்களிடம் ஒன்றும் இல்லை. எல்லாம் அங்கேயே ஏதோ சதுப்பில் பையோடு போய்விட்டன. இது ராஜகோபாலுக்கு வசதியாகிவிட்டது. அபிட்ஸ் தெருவோர ஞாயிற்றுக்கிழமைக் கடைகளில் தேடி, எழுதாத பழைய இன்லேண்டு லெட்டர் வாங்கினார். புதிதாக ஒரு பழைய கடிதம் எழுதினார். டீ டிகாக்ஷனைப் பஞ்சால் தொட்டுத் தடவிக் காயவைத்தார். எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

“‘தம்பி, தேசத்தின் மானம் உன் தோளில். வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. வெற்றியோடு வா.’ எப்டி இருக்கு, மங்கை?” என்றார். சொந்தச் சரக்குக்கே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் முகவரியைப் பார்த்தேன். ‘விஸ்வநாத், இந்திய ராணுவம், யாழ்ப்பாணம், இலங்கை.’

சண்டையில் இருக்கும் சிப்பாய்க்கு ஊர்ப் பெயர் போட்டு யாரும் எழுத மாட்டார்கள். ரெஜிமென்ட் பெயரும் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் எண்ணும்தான். ஆள் எங்கே இருக்கிறான் என்று வெளியே தெரியக்கூடாது. சைனிக்புரியில் பால்காரருக்குக்கூட இது தெரியும். ஒரு தடவையாவது தன் கையால் முகவரி எழுதியிருந்தால் இவருக்கும் தெரிந்திருக்கும். நான் சொல்லவில்லை. போய் நன்றாக மாட்டிக்கொள்ளட்டும் என்று, “பிரமாதம், மாமா” என்றேன்.

செருப்பை மாட்டும்போது சொன்னார்: “விசுவையும் மேடைக்குக் கூப்புடுவாங்க. ‘ஹவ், ஆமா, இது எனக்கு வந்த லெட்டர்தான்’னு ஒரு வார்த்த சொன்னா போதும்.”

மாட்டிக்கொள்ளப்போவது இவர் மட்டுமல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சபை நிறையச் சிப்பாய்கள். அவர்கள் முன்னால் என் கணவர் பொய்யராக நிற்க வேண்டுமா? அவர் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அண்ணன் ஆசப்படறாரு. வுடு, மங்கை.”

“அவர் ஆசைக்கு நீங்க ஏன் பொய் சொல்லணும்?”

“சண்ட நக்கோ, வேணாம்” என்று பேப்பரை விரித்துக்கொண்டார். இந்தப் பொறுமையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடிதம் படிக்கிற நாளன்று ராஜகோபால் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஏற்ற இறக்கத்தோடு படித்தார். சங்கத் தலைவர் சுபேதார் கணேஷ்குமார் கடிதத்தை வாங்கித் திருப்பி முகவரியைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்தவர்களிடம் கொடுத்தார். அது கை மாறிக் கை மாறிப் போனது. ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் என் கணவரை மேடைக்கு அழைத்தார்.

“விஸ்வநாத் சாப், இந்த லெட்டர் உங்களுக்கு வந்துச்சா?”

ராஜகோபால் தம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லு சொல்லு என்று. என் கணவர் முன்வரிசையைப் பார்த்தார்.

“வரல, சாப்.”

ராஜகோபால் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். “தப்பா எடுத்துக்காதீங்க. தம்பிக்குக் கொஞ்ச நாளா ஞாபக மறதி. காலைல சாப்ட்டதே நெனவிருக்காது, பாவம்.”

தன் தோளில் ஒரு சால்வை விழுவதற்காகக் கூடப்பிறந்தவனைப் பைத்தியமாக்குகிற மனிதர்! நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். அதற்குள் சுபேதார் அணிவகுப்பில் கேட்கிற மாதிரி ஓங்கிக் கேட்டார்: “நம்பர்?”

கம்பு கீழே விழுந்தது. என் கணவர் குதிகாலைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி நின்றார். ராணுவ எண், பதவி, பெயர், ரெஜிமென்ட், கம்பெனி, எல்லாம் ஒரே மூச்சில். ஓர் இலக்கம்கூடத் தடுமாறவில்லை. அந்தக் குரலை இத்தனை வருடத்தில் நான் வீட்டில் கேட்டதே இல்லை. சபையில் எழ முடிந்த கிழவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

நான் மேடையேறி, மைக்கும் கையுமாக நின்ற ராஜகோபாலைத் தாண்டிப் போய்க் கம்பை எடுத்துக் கொடுத்தேன். என் கணவர் அதை ஊன்றிக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

“அண்ணன் மொகத்தப் பாரு, மங்கை. பாவமா இருக்கு.”

“எனக்கு இல்ல” என்றேன்.